தீப்பற்றும் வண்டிகளும் கம்பெனிகளின் கடமையும்

மோட்டார் வண்டி ஓடும்போது விபத்து நேர்வதை எல்லோரும் அறிவர். ஓட்டுகிறவரின் அஜாக்கிரதை, சாலையின் பழுது, எதிரே வந்தவரின் அவசரம் என்று அதற்கு ஏதேனுமொரு காரணம் சொல்லப்படுவது வழக்கம். ஆனால் ஓடாமல், சாவி எடுக்கப்பட்டு, வீட்டோரமாக நிற்கும் வண்டி தானாகவே தீப்பற்றி எரிந்தால் அதற்கு யார் பொறுப்பாளி? 2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்காக வைக்கப்பட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. எழுந்த புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். அவர்கள் வேகமாக ஓட்டவுமில்லை. சாலை விதி எதையும் மீறவுமில்லை. காசு கொடுத்து வாங்கிய வண்டியை இரவில் மின்னேற்றத்துக்கு வைத்ததைத் தவிர வேறொன்றும் அவர்கள் செய்யவில்லை.

இத்தகைய விபத்துக்களைத் தலைவிதி என்று சொல்லிக் கைவிடுவது தவறு. வண்டியின் மின்சார அமைப்பில் உள்ள குற்றம் ஒரு வண்டியோடு நிற்பதில்லை. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வண்டிகளிலும் அதே ஸ்விட்ச், அதே ஒயர்க்கட்டு, அதே இணைப்பு இருக்கின்றன. ஒன்றில் தோன்றிய குற்றம் மற்றவற்றிலும் மறைந்திருக்கக்கூடும். ஆகவேதான், குற்றம் தெரிந்தவுடன் விற்ற வண்டிகளை எல்லாம் கம்பெனியே திரும்ப அழைத்து, தன் செலவில் பழுது நீக்கித் தர வேண்டுமென்ற முறை உலகெங்கும் ஏற்பட்டிருக்கிறது. இம்முறை நம் நாட்டில் எந்த நிலையில் இருக்கிறது, எங்கே குறைபாடு இருக்கிறது என்பதைப் பொதுஜனங்கள் தெரிந்துகொள்வது அவசியம். சட்டம் இருக்கிறதே என்று திருப்தியடைந்துவிட இது சமயமல்ல.

ஒயரில் ஒளிந்திருக்கும் அபாயம்

மோட்டார் வண்டியின் மின்சார அமைப்பு மனித உடலின் நரம்புகளைப் போன்றது. பாட்டரியிலிருந்து புறப்படும் ஒயர்கள் கட்டுக் கட்டாக எஞ்சினையும் விளக்குகளையும் பிரேக்கையும் காற்றுப்பைகளையும் சென்றடைகின்றன. இரும்பு விளிம்பில் உராய்ந்து ஒயரின் மேலுறை தேய்ந்தால், உள்ளே உள்ள கம்பி வண்டியின் உடலைத் தொட்டு மின்கசிவு உண்டாகிறது. இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை மிகுந்து சூடேறுகிறது. ஈரம் புகுந்தால் உப்புப் பூத்து, மின்சாரம் போகக்கூடாத வழியில் போகிறது. சரியான அளவுள்ள ப்யூஸ் இருந்தால் அது எரிந்து உயிரைக் காக்கும். அது இல்லாவிட்டாலும், தேவைக்கு மிஞ்சிய அளவில் இருந்தாலும் ஒயரே எரியும்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தளர்ந்தால் காலுக்குத் தெரியும். தகடுகளுக்கும் பிளாஸ்டிக் மூடிகளுக்கும் பின்னால் ஓடும் ஒயரின் குற்றம் வாங்கியவர் கண்ணுக்குத் தெரியாது. தெருமுனை மெக்கானிக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆயிரம் வண்டிகளின் பழுதுக் கணக்கையும் ஒருங்கே பார்க்கக்கூடிய கம்பெனிக்குத்தான் முதலில் தெரியும். அறிவு யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடமே இருக்கவேண்டும் என்பது சாதாரண நியாயம்.

இதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி வண்டிகளில் நிகழ்ந்தது சிறந்த திருஷ்டாந்தம். பிரேக் மிதியை மிதித்தவுடன் வேகக்கட்டுப்பாட்டு இயந்திரத்தை நிறுத்துவதற்காக ஒரு சிறு ஸ்விட்ச் அவற்றில் வைக்கப்பட்டிருந்தது. அதன் ஒரு புறம் பிரேக் எண்ணெய், மறுபுறம் மின்சாரம், நடுவே ஒரு மெல்லிய படலம். சாவியை எடுத்த பிறகும் அந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒயர் பூட்டப்பட்டிருந்தது. நாளடைவில் படலம் வெடித்து எண்ணெய் கசிந்தது, உலோகம் அரித்தது, சூடேறித் தீப்பற்றியது. வண்டிகள் கொட்டகைகளில் நின்றபடியே எரிந்தன. 1999-ஆம் வருஷத்தில் முதன்முறையாகச் சில லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதோடு முடிந்ததா? இல்லை. தவணை தவணையாக 2009 வரையில் அழைப்பு நீண்டு, கடைசியில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பரவியது. பரிகாரமோ மிகச் சிறியது: ப்யூஸ் வைத்த ஒரு துண்டு ஒயர்க்கட்டு. அந்தச் சிறு பொருள் எல்லா வண்டிகளையும் சென்றடையப் பத்து வருஷங்கள் பிடித்தன.

அந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது என்றும் சொல்வதற்கில்லை. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தன. காரணம், பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் எண்ணெய் கசிந்து மின்கசிவு உண்டாகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே. பழுது நீக்கும் வரையில் வண்டிகளை வீட்டை விட்டு விலகித் திறந்த வெளியில் நிறுத்தும்படி எச்சரிக்கை செய்யப்பட்டது. பரிகாரம் இங்கும் ப்யூஸ்தான்.

தலையசைத்துக் கலைந்த கூட்டங்கள்

குற்றத்தைக் காட்டிலும் கொடியது மௌனம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது. அதன் கோபால்ட் முதலிய சிறு கார்களில், சாவி போடும் ஸ்விட்ச் போதிய இறுக்கமின்றி அமைந்திருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி நழுவித் திரும்பிவிடும். எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவந்த இயந்திர உதவி அற்றுப்போகும். மோதினால் விரிய வேண்டிய காற்றுப்பையும் விரியாது. உயிரைக் காக்கவென்று வைத்த சாதனம், உயிர் போகும் தருணத்தில் உறங்கிவிடும்.

அந்த ஸ்விட்சின் விலை ஒரு டாலர்கூடப் பெறாது. அதில் குறை இருப்பது 2014-க்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே கம்பெனியின் எஞ்சினீயர்களுக்குத் தெரிந்திருந்தது. இடையில் பாகத்தைச் சற்றே மாற்றி அமைத்தார்கள்; ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. ஆகவே எது பழையது, எது புதியது என்று பின்னர் ஆராய்ந்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2014 பிப்ரவரியில்தான் திரும்ப அழைப்பு தொடங்கிற்று. அது படிப்படியாக 26 லட்சம் வண்டிகள் வரையில் வளர்ந்தது. நஷ்டஈட்டு நிதியை நிர்வகித்தவர்கள் 124 மரணங்களுக்கு ஈடு வழங்க ஒப்புக்கொண்டார்கள். கம்பெனிக்குள்ளே நடந்த விசாரணையின் அறிக்கை, கூட்டங்களில் எல்லோரும் தலையசைத்து ஆமோதித்துவிட்டு, யாரும் ஒன்றும் செய்யாமல் கலைந்து போகும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்ததாக எடுத்துக்காட்டியது. 15 சிப்பந்திகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

இந்த விஷயத்தில் அமெரிக்க சர்க்காரின் பாதுகாப்பு இலாகாவும் குற்றமற்றதல்ல. காற்றுப்பை விரியாத புகார்கள் 2007-லும் 2010-லும் அதன் பார்வைக்கு வந்தன. முறையான விசாரணை தேவையில்லை என்று அது தள்ளிவிட்டது. ஆனால் உண்மை வெளிப்பட்ட பிறகு அந்நாட்டுச் சட்டம் சும்மா இருக்கவில்லை. குற்றம் என்று தெரிந்த ஐந்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்ற விதியை மீறியதற்காக, அன்று சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 3 கோடியே 50 லட்சம் டாலர் 2014-ல் விதிக்கப்பட்டது. 2015-ல் குற்ற வழக்கைத் தீர்த்துக்கொள்ளக் கம்பெனி 90 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. அபராதம் என்றால் கம்பெனியின் கணக்கு ஏட்டில் உறைக்கவேண்டும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை.

இந்தியாவின் நிலை

அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1966-லேயே பிறந்தது. இலவசமாகப் பழுது நீக்கித் தரவேண்டும் என்ற கட்டாயம் 1974-ல் சேர்ந்தது. நம் நாட்டிலோ 2012 ஜூலை வரையில் சட்டமும் இல்லை, வகுக்கப்பட்ட ஒழுங்குமுறையும் இல்லை. அவ்வருஷத்தில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் தன் அங்கத்தினர்களுக்கென்று ஓர் ஒழுங்குமுறையை வகுத்துக்கொண்டது. அது அவர்களாகவே இஷ்டப்பட்டு அனுசரிப்பது. மீறினால் கேட்பார் இல்லை. அதற்கு முன்னிருந்த நிலையை டாட்டா நானோ காரின் விஷயம் காட்டும். அக்கார்கள் சில தீப்பற்றி எரிந்தபின், 2010 நவம்பரில், மின்சார அமைப்புக்கும் புகைபோக்கி அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்புச் சாதனங்களை இலவசமாகப் பொருத்தித் தருவதாகக் கம்பெனி முன்வந்தது. செய்தது நல்ல காரியமே. ஆனால் இது திரும்ப அழைப்பு அன்று என்றும் கூடவே சொல்லிற்று. பெயரைச் சொல்லவே கூச்சப்பட்ட காலம் அது.

2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குக் கொடுத்தது. வண்டியின் முழு விலையைத் திருப்பித் தருவது, அல்லது மாற்று வண்டி தருவது, அல்லது பழுது நீக்குவது என்ற பொறுப்பும், அபராதமும் அதில் கூறப்பட்டன. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன.

அதன் பின் நடந்தவற்றில் புகழ வேண்டியவை உண்டு. அவற்றைப் புகழ நாம் தயங்கவில்லை. நம் தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களில், தீப்பொறி உண்டாக்கும் மின்சுருளில் குறை இருப்பதை வழக்கமான சோதனையில் கம்பெனியே கண்டுபிடித்தது. அதனால் அபூர்வமாக மின்கசிவும் ஏற்படலாம் என்று கூறி, 2021 மே மாதத்தில், இந்தியாவிலும் தாய்லாந்து, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலுமாக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே பாகத்தை மாற்ற நேரும் என்று எதிர்பார்த்தும், எல்லாவற்றையும் சோதிக்க முன்வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் மாருதி சுஸுகி கம்பெனி, மின்மோட்டார்-ஜெனரேட்டர் பாகத்தில் சந்தேகம் தோன்றி 1,81,754 கார்களை அழைத்தது. அதுவரையில் தேங்கிய நீரில் ஓட்டவேண்டாம், மின்சாரப் பாகங்களின் மேல் நேராக நீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் எச்சரித்தது.

அடுத்த வருஷம் மின்சார ஸ்கூட்டர்களின் தீ வந்தது. 2022 மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் அவை எரிந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரலில் ஓகினாவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களை அழைத்தது. எதைச் சோதிக்க? தளர்ந்த இணைப்புகளையும் பாட்டரியில் ஏற்பட்ட சேதத்தையும். பியூர் ஈ.வி. கம்பெனி 2,000 வண்டிகளையும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்துள்ள ஓலா கம்பெனி 1,441 வண்டிகளையும் அழைத்தன. ஏப்ரல் 21-ந்தேதி மத்திய மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி, நிபுணர் கமிட்டி அமைக்கப்பட்டிருப்பதையும், அலட்சியம் செய்த கம்பெனிகள் மீது கடும் அபராதம் விதித்து வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடப்படும் என்பதையும் அறிவித்தார். பாட்டரிகளுக்கான கடுமையான பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பர் முதலும் 2023 மார்ச்சு இறுதி முதலும் இரண்டு கட்டங்களாக அமலுக்கு வந்தன.

மந்திரியார் எச்சரித்தபின் கம்பெனிகள் விரைந்து செயல்பட்டதை நேயர்கள் கவனிக்கவேண்டும். சர்க்கார் குரல் கொடுத்தால் கம்பெனிகள் அசைகின்றன. ஆனால் அந்தக் குரல் எழுவதற்குள் உயிர்கள் போய்விட்டன. உயிர்ப்பலிக்குப் பிறகு அசைவது பாதுகாப்பாகாது.

சட்டத்தின் நான்கு ஓட்டைகள்

முதலாவது, வயது வரம்பு. நம் விதிகள் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளையே பாதுகாக்கின்றன. ஆனால் தனியார் கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் பதிவுச் சீட்டு 15 வருஷங்களுக்குச் செல்லும் என்பது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. சாலையில் ஓட 15 வருஷங்கள் அனுமதி கொடுத்து, அதற்குரிய வரியையும் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பை மட்டும் ஏழோடு நிறுத்துவது எந்த நியாயம்? மின்சாரக் குறைகளுக்கு இந்த வரம்பு சற்றும் பொருந்தாது. ஒயரின் உறை விறைத்து வெடிப்பதும், இணைப்பில் உப்புப் பூப்பதும், படலம் தேய்ந்து கசிவதும் முதல் வருஷத்தில் நிகழ்வன அல்ல. நாட்பட நாட்பட நிகழ்வன. ஃபோர்டு கம்பெனி 2009-ல் அழைத்த வண்டிகளில் பத்து வருஷங்களுக்கு மேற்பட்டவை ஏராளம். அமெரிக்கா, இலவசப் பரிகாரத்துக்குரிய காலத்தை 2015-ல் பத்திலிருந்து பதினைந்து வருஷமாக உயர்த்தியது. மேலும், பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் யார்? புது வண்டி வாங்கச் சக்தியற்ற ஏழையும் நடுத்தர வகுப்பாருமே. ஏழு வருஷ வரம்பு பணக்காரனின் முதல் கையைக் காத்து, ஏழையின் இரண்டாம் கையைக் கைவிடுகிறது.

இரண்டாவது, புகார்களின் எண்ணிக்கை. கட்டாயமாகத் திரும்ப அழைப்பதற்கு, வருஷ விற்பனைக்குத் தக்கவாறு இத்தனை புகார்கள் வரவேண்டும் என்று விதிகள் கணக்கு வகுத்திருக்கின்றன. இருக்கையின் தையல் பிரிந்ததற்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். தீக்கு எப்படிப் பொருந்தும்? நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்து புகார் எழுதும் வரையில் காத்திருக்க முடியுமா? சோதனை நிலையத்தின் அறிக்கையின் பேரிலோ, வேறு வழியில் கிடைத்த தகவலின் பேரிலோ உத்தரவிடலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே சர்க்காருக்கு அதிகாரம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. தீப்பற்றுதல், ஓடும்போது எஞ்சின் நின்றுபோதல், காற்றுப்பை விரியாமை ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கைக் கணக்கு இல்லை, ஒரே சம்பவம் விசாரணைக்குப் போதும் என்று விதியில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, அபராதமும் காலவரையும். அபராதம் 10 லட்ச ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரையில் என்று வைக்கப்பட்டிருக்கிறது. லட்சக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு ஒரு கோடி என்பது ஒரு நாள் விளம்பரச் செலவு போன்றது. அது மட்டுமன்று. தானாகவே குறையைத் தெரிவித்து வண்டிகளை அழைக்கும் கம்பெனிக்கு அபராதமே கிடையாது என்று 110-ஏ பிரிவு சொல்கிறது. நேர்மையாளருக்குச் சலுகை தருவது நல்ல நோக்கம். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் குறை தெரிந்த எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. தெரிந்த வாரமே தெரிவித்தவரையும், மூன்று வருஷம் மூடி வைத்துவிட்டுக் கெட்ட பெயர் வரும் சமயத்தில் முந்திக்கொண்டவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. குறையை அறிந்த நாளைத் தஸ்தாவேஜுகளோடு காட்டும் பொறுப்பைக் கம்பெனியின் மேல் சுமத்தி, காலம் கடத்தினவருக்குச் சலுகை இல்லை என்று திருத்தவேண்டும்.

நான்காவது, அழைப்பு போய்ச் சேருவது. கம்பெனியின் கடிதம் முதலில் வாங்கியவரின் விலாசத்துக்குப் போகிறது. வண்டியோ கை மாறி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் இளைஞர்களில் பலர் வாடகைக்கு எடுத்த மின்சார ஸ்கூட்டர்களை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கடிதமும் வராது. இப்போதுள்ள உரிமையாளர் யார் என்ற பதிவு கம்பெனியிடம் இல்லை, சர்க்காரிடம் இருக்கிறது. ஜெர்மனியில் மோட்டார் வாகன இலாகாவின் பதிவுப் புத்தகத்தைக் கொண்டே உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்புகிறார்கள். அபாயகரமான குறையை நீக்காத வண்டி சாலையில் ஓடத் தடையும் விதிக்கிறார்கள். நம் நாட்டிலும் பதிவுகள் எல்லாம் இன்று கணினியில் ஏறியிருக்கின்றன. பெயர் மாற்றும்போதும், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும், புகைச் சான்று வாங்கும்போதும், இந்த வண்டிக்குத் தீராத திரும்ப அழைப்பு ஒன்று இருக்கிறது என்று உரிமையாளருக்குச் சொல்வதில் என்ன கஷ்டம்? மனம் இருந்தால் ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய காரியம் இது.

ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

கம்பெனிகளின் தரப்பில் மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. கூடுதல் விளக்கு, பெருத்த ஒலி தரும் ஹாரன், மலிவான மின்னேற்றி ஆகியவற்றை வாங்கியவர்களே பொருத்தி, ஒயர்களை வெட்டி ஒட்டித் தீயை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்பது முதல் ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. ப்யூஸ் எரிந்தால் அதற்குப் பதில் கம்பித் துண்டைச் சுற்றிவிடும் கெட்ட வழக்கம் நம்மிடையே இருப்பதையும் மறைப்பதற்கில்லை; அதைப் பொதுஜனங்கள் கைவிடவேண்டும். ஆனால் எரிந்த வண்டிக்குக் காரணம் வெட்டிய ஒயரா, விற்ற ஒயரா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? இன்று பெரும்பாலும் கம்பெனியின் எஞ்சினீயரே வந்து பார்த்து, கம்பெனியே முடிவு சொல்கிறது. வாதியும் நீதிபதியும் ஒருவரேயானால் தீர்ப்பு எப்படி இருக்கும்? எரிந்த வண்டியைக் கம்பெனி எடுத்துச் செல்லுமுன், பட்சபாதமற்ற சோதனை நிலையத்தார் பரிசோதித்து அறிக்கை எழுதவேண்டும். அந்த அறிக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படவேண்டும்.

மின்சார வண்டித் தொழில் இளந்தொழில், அதைச் சட்டத்தால் நசுக்கக்கூடாது என்பது இரண்டாவது ஆட்சேபம். சுதேசித் தொழில் வளரவேண்டும் என்பதில் நமக்கு யாரிடமும் பாடம் கேட்கவேண்டியதில்லை. பெட்ரோலுக்காக அந்நிய நாட்டின் கையை எதிர்பார்க்கும் நாட்டுக்கு மின்சார வண்டி ஒரு வரப்பிரசாதம். ஆனால் தொழிலை நசுக்குவது சட்டமல்ல, சந்தேகம். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் எரிந்ததைப் பார்த்தவர் எந்தக் கம்பெனியின் ஸ்கூட்டரையும் வாங்கத் தயங்குவார். ஒருவர் செய்த குற்றத்துக்கு நேர்மையான உற்பத்தியாளர் அனைவரும் நஷ்டமடைவார்கள். கண்டிப்பான சட்டமே நல்ல தொழிலுக்கு அரண்.

திரும்ப அழைப்பை வெளிப்படையாக அறிவித்தால் கம்பெனிக்கு அவமானம் என்பது மூன்றாவது. குறை காண்பது அவமானமல்ல. எந்த மனிதர் செய்த இயந்திரத்திலும் குறை இருக்கும். கண்ட குறையை ஒளிப்பதே அவமானம். தானே கண்டு, தானே சொல்லி, தன் செலவில் நீக்கித் தரும் கம்பெனியை ஜனங்கள் மதிக்கப் பழகவேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடையே ஏற்படாவிட்டால் ஒளிப்பவர்களுக்கு நாமே துணை செய்தவர்களாவோம்.

செய்யவேண்டியது என்ன?

தமிழ்நாட்டுக்கு இவ்விஷயத்தில் விசேஷமான அக்கறை உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், போச்சம்பள்ளி என்று வண்டித் தொழிற்சாலைகள் நம் மண்ணில் நிறைந்திருக்கின்றன. சென்னைத் தொழிற்சாலையில் கூட்டிச் சேர்க்கப்பட்ட கோனா மின்சாரக் காரின் பாட்டரி அமைப்பில் மின்குறை காணப்பட்டு, 2020 டிசம்பரில் இந்தியாவில் 456 வண்டிகள் அழைக்கப்பட்டதை நேயர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அதே காருக்குத் தென்கொரியாவில் முதலில் கணினி நிரலை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். திருத்திய கார் ஒன்று மறுபடியும் தீப்பற்றவே, 2021 பிப்ரவரியில் உலகமெங்கும் சுமார் 82,000 வண்டிகளுக்குப் பாட்டரியையே மாற்றித் தர ஏற்பாடாயிற்று. பரிகாரம் என்று சொல்லப்பட்டதெல்லாம் பரிகாரமாகிவிடாது என்பதற்கு இது சான்று. அழைத்தபின் குறை உண்மையிலேயே நீங்கிற்றா என்பதையும் சர்க்கார் தொடர்ந்து கவனிக்கவேண்டும்.

இவ்விடத்தில் தயாராகும் வண்டிகள் கடல் கடந்து செல்கின்றன. அங்குள்ளவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதைச் செய்த தொழிலாளி குடியிருக்கும் நாட்டில் உள்ளவருக்கும் கிடைக்கவேண்டாமா? ஒரே கம்பெனி, ஒரு நாட்டில் ஐந்து நாளில் அறிவிக்கக் கட்டுப்பட்டு, இன்னொரு நாட்டில் நாள் கணக்கில்லாமல் இருக்கலாம் என்பது நம் பிரஜைகளின் உயிரை மலிவாக மதிப்பதற்கு ஒப்பாகும். இதை நாம் ஏற்க முடியாது.

ஆகவே பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இது. ஏழு வருஷ வரம்பைப் பதினைந்தாக உயர்த்துவது, தீ விஷயத்தில் புகார் எண்ணிக்கையை நீக்குவது, அறிந்த நாளிலிருந்து காலவரை விதிப்பது, அபராதத்தை விற்பனைக்குத் தக்கபடி உயர்த்துவது, பதிவுப் புத்தகத்தின் மூலம் இப்போதைய உரிமையாளருக்கு அறிவிப்பது: இந்த ஐந்தையும் பார்லிமெண்டில் உள்ள நம் பிரதிநிதிகளிடம் கேளுங்கள், தேர்தலில் வாக்குக் கேட்டு வரும்போதும் கேளுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. விதிகளைத் திருத்தினால் போதும். உங்கள் ஊரில் வண்டி ஏதேனும் எரிந்தால் செய்தி கேட்டு வருந்துவதோடு நில்லாமல், வண்டி வைத்திருந்தவர் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கத் துணை செய்யுங்கள். எழுதப்படாத புகார் எந்த விசாரணைக்கும் ஆதாரமாகாது.

சாலையில் ஓடுகிறவரின் பிழைக்கு அவரைத் தண்டிக்கிறோம். தலைக்கவசம் அணியாதவரிடம் அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்கிறோம். அது சரியே. ஆனால் தொழிற்சாலையில் செய்த பிழையை அறிந்தும் மறைத்தவரிடம், அதே சுறுசுறுப்போடு, அவருடைய பிழையின் அளவுக்கேற்ற அபராதத்தை வசூலிக்கும் நாள் வந்தால்தான் இந்நாட்டில் மோட்டார் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்ல முடியும்.